வனவியல் முடித்தாயிற்று: வெளிநாட்டில் மேல்படிப்பா, வாலண்டியர் வேலையா?

ஆறு மா நிலத்தை (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) விற்றுவிடலாமா என்ற பேச்சு போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் எழுந்தது. அக்கா மகள் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் நாலு வருடப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறாள். வெளிநாட்டில் எம்.எஸ்சி. வனவியல் படிக்க வேண்டும். ஆப்பிரிக்காவிலோ இந்தோனேசியாவிலோ ஒன்றிரண்டு வருடம் வாலண்டியராகக் காட்டு வேலையும் பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டும் வேண்டும். அத்தானுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: செலவு. முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்த ஆறு மாவில் 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. அதையா விற்பது என்று அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"சித்தி, நீங்க போயிட்டு வந்தவங்க. நீங்களே சொல்லுங்க" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நானும் மேட்டுப்பாளையத்தில் படித்தவள்தான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் (மாங்குரோவ்) இரண்டு வருடம் திட்ட வேலை பார்த்துவிட்டு ஜெர்மனியில் தாரண்ட் என்ற சிற்றூரில் வெப்பமண்டல வனவியல் படித்தேன். திருவாரூர், நாகை, பட்டுக்கோட்டைப் பிள்ளைகள் இதே கேள்வியோடு அவ்வப்போது போன் செய்கிறார்கள். அதனால் அவளிடம் சொன்னதை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எம்.எஸ்சி.யையும் தொண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யலாம் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அப்படி ஒன்று உண்மையாகவே இருந்தது. 1961இல் கென்னடி தொடங்கிய பீஸ் கார்ப்ஸ் அமைப்பு, பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 'மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற திட்டத்தை நடத்தியது. மாணவர் ஒரு வருடம் வகுப்பில் உட்காருவார். பிறகு 27 மாதம் ஏதாவது ஒரு நாட்டுக் கிராமத்தில் வேலை செய்வார். அங்கே கண்டதையே ஆய்வேடாக எழுதிப் பட்டம் வாங்குவார். மிச்சிகன் டெக் மாதிரியான இடங்களில் வனவியலுக்கே இந்த வழி இருந்தது. 2016இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். தொண்டு முடித்து வந்தவர்களுக்குப் படிப்புச் சலுகை தரும் இன்னொரு திட்டம் இப்போதும் உண்டு. ஆனால் பீஸ் கார்ப்ஸில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். திருத்துறைப்பூண்டி ரேஷன் கார்டு செல்லாது.

ஆனாலும் அந்தத் திட்டத்தின் யோசனை எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் படி, சேற்றில் இறங்கு, திரும்பி வந்து எழுது. அந்த மாதிரி ஒன்றை நாமே துண்டு துண்டாகக் கட்டிக்கொள்ள முடியும். எந்தத் துண்டை முதலில் வைப்பது என்பதில்தான் ஆறு மா தப்புவதும் போவதும் இருக்கிறது.

படிப்புப் பக்கத்திலிருந்து வருகிறேன்.

காக்கி உடை போட வேண்டும் என்பதுதான் கனவு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். இந்திய வனப் பணிக்கான ஐ.எஃப்.எஸ். தேர்வுக்கும், டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வுக்கும் இளநிலைப் பட்டம் போதும். வெளிநாட்டு எம்.எஸ்சி.க்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. அந்த இரண்டு வருடத்தைப் பயிற்சி மையத்தில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். இவளுக்கு அந்த ஆசை இல்லை. அவளுக்கு வேண்டியது ஆராய்ச்சியும் சர்வதேச நிறுவன வேலையும்.

உள்நாட்டில் மேட்டுப்பாளையமே எம்.எஸ்சி. தருகிறது. சவுக்கு, மலைவேம்பு, காகித ஆலைகளோடு ஒப்பந்த மரச் சாகுபடி என்று வேளாண் காடு வளர்ப்பில் போக நினைப்பவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம். அடுத்தது டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம். 1906இல் வெள்ளைக்காரர்கள் வைத்தது, 1991 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நாடு முழுக்க வகுப்புத் தோழர்கள் கிடைப்பார்கள், அதுதான் பெரிய லாபம். செலவும் நம் குடும்பங்கள் தாங்கும் அளவுதான். நிலத்தை விற்க வேண்டிய கேள்வியே எழாது. ஆனால் அங்கே சால், தேவதாரு, மலைக்காடு என்று பேச்சு ஓடும். கடலோர வனவியலுக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன்.

இனி வெளிநாடு. ஜெர்மனியைப் பற்றித்தான் எனக்கு நேரடியாகத் தெரியும், அதனால் அதையே நீட்டிப் பேசுவேன்.

தாரண்டில் 1811இல் வனப்பள்ளி தொடங்கினார்கள். இப்போது அது டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து வெப்பமண்டலக் காட்டைப் பற்றிப் படிப்பது எனக்கு முதல் மாதம் வேடிக்கையாக இருந்தது. பிறகு யோசித்தால், நம் நாட்டு வனத்துறையே ஒரு ஜெர்மன்காரர் கட்டியதுதான். பான் நகரத்துக்காரரான டீட்ரிச் பிராண்டிஸ்தான் 1864இல் இந்தியாவின் முதல் தலைமை வன ஆய்வாளர். காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறை மொட்டையடித்து, அது தழைக்கும்வரை காத்திருக்கும் முறை அந்த மரபில் வந்தது. முத்துப்பேட்டையில் அதே முறையைச் செய்தபோது என்ன ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கோட்டிங்கனிலும் வெப்பமண்டல, சர்வதேச வனவியல் ஆங்கிலத்திலேயே உண்டு. ஃபிரைபுர்க் புகழ்பெற்ற இடம்தான். ஆனால் அது இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. தாரண்டிலும் கோட்டிங்கனிலும் படிப்புக் கட்டணம் இல்லை. "ஜெர்மனியில ஃப்ரீ" என்று கன்சல்டன்சிக்காரர்கள் சொல்வது இதைத்தான். தஞ்சாவூரில் ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்லியே முன்பணம் வாங்கினார். படிப்பின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர். அந்தப் பணம் போனது போனதுதான்.

ஃப்ரீக்கு அப்புறம் வரும் கணக்கு இது. நம் பட்டமும் மதிப்பெண்ணும் அசல்தானா என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் என்ற ஒன்றை 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டார்கள், அதற்கு 18,000 ரூபாய். விசாவுக்கு முன் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும். ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உன்னிடம் காசு இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அத்தானின் ஆறு மா இங்கேதான் வந்து நின்றது.

இதற்கு இன்னொரு வாசல் உண்டு. டாட் என்று எல்லோரும் சொல்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, வளரும் நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு உதவித்தொகை வைத்திருக்கிறது. தாரண்ட் படிப்பு அந்தப் பட்டியலில் உண்டு. மாதம் 992 யூரோ. பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், அதே 11,904. கூடவே மருத்துவக் காப்பீடும் பயணப்படியும் தருகிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும், கடைசிப் பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. வேலை தருபவரிடமிருந்து கடிதம் கேட்பார்கள். படித்து வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்று அதில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது.

அதாவது இன்றைக்கு இவள் நேராகப் போனால் பத்து லட்சத்தைத் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போனால் அவர்களே காசு கொடுத்துக் கூப்பிட வழி இருக்கிறது. இதைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் தெளிந்தது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு எராஸ்மஸ் முண்டுஸ் இருக்கிறது. இரண்டு மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு, உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. வேலை அனுபவம் கட்டாயமில்லை, ஆனால் உலகமே போட்டியிடும். விண்ணப்பிப்பதில் நட்டமில்லை. பின்லாந்தின் யோயென்சூ ஊரில் வனவியல் பிரமாதமாக நடக்கும், ஐரோப்பிய வன நிறுவனத்தின் தலைமையகமும் அங்கேதான். ஆனால் 2017 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் உண்டு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சர்வதேச வனவியலுக்கென்றே பத்து மாத முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கட்டணம் கனம், ஆய்வேடு கிடையாது. திரும்பி வந்து இங்கே ஆசிரியர் வேலைக்கோ பி.எச்டி.க்கோ போக நினைத்தால் அந்தப் பத்து மாதப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அங்கேயே தங்கி வேலை தேடுகிற எண்ணம் உள்ளவர்களுக்கு அது பொருந்தலாம். நிலத்தை விற்று அதற்குப் போவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆதிதிராவிடர், பழங்குடிக் குடும்பப் பிள்ளைகள் கன்சல்டன்சிப் படியேறும் முன் மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையை விசாரித்துவிடுங்கள்.

அடுத்து வாலண்டியர் பக்கம். இதில் கனவு அதிகம், தகவல் குறைவு.

ஐ.நா. தன்னார்வலர் அமைப்புக்குத் தலைமையகம் பான் நகரம், பிராண்டிஸின் அதே ஊர். இளைஞர் பிரிவில் 18 முதல் 26 வயது வரை எடுக்கிறார்கள், அனுபவம் பெரிதாகத் தேவையில்லை. நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் சில வருட அனுபவமும் வேண்டும். வாழ்க்கைப்படி, காப்பீடு, விமானச் செலவு எல்லாம் கொடுக்கிறார்கள். சம்பளம் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் கையைக் கடிக்காது. ஒரு சங்கதியை மட்டும் யாரும் சொல்வதில்லை. இளைஞர் பிரிவு இடங்களில் பலவற்றுக்குப் பணம் கொடுப்பது ஏதாவது ஒரு நாட்டு அரசு. அந்த இடம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே போகும். இந்தியப் பெயரோடு விண்ணப்பிக்கிறபோது மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் போட்டி. நிபுணர் பிரிவில் இந்தத் தொந்தரவு குறைவு. ஆக இந்த வாசலும் அனுபவத்தைத்தான் கேட்கிறது.

ஜெர்மனியிலேயே ஒரு வருடம் சுற்றுச்சூழல் தொண்டு செய்ய இன்னொரு வழி உண்டு. கூட்டாட்சித் தன்னார்வச் சேவை என்று 2011இல் வந்தது. பல இடங்களில் தங்குமிடமோ அதற்கான படியோ தருவார்கள், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும் தருவார்கள். ஜெர்மன் மொழி ஓரளவு தெரிந்தாக வேண்டும். வலங்கைமான் பக்கத்துத் தோழி ஒருத்தி இப்படிப் போனாள். ஒரு வருடம் வேலி கட்டினாள், களை பிடுங்கினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தவளை காட்டினாள். "டிகிரி முடிச்சுட்டு களை பிடுங்கவா இவ்ளோ தூரம் வந்தேன்னு அழுதேன்டி" என்பாள். ஆனால் அங்கே போய் ஆறாவது மாதத்தில் வானொலிச் செய்தி புரிந்தது. அந்த மொழியை வைத்தே அங்கு வேலையில் உட்கார்ந்துவிட்டாள். வனவியல் கற்க அது வழியில்லை. மொழி கற்க வேண்டுமென்றால் அதைவிட மலிவான வழி இல்லை.

"மடகாஸ்கரில் மரம் நடுங்கள், கட்டணம் இவ்வளவு" என்று வருவதை எல்லாம் நேராக ஒதுக்குங்கள். நடுவதற்கு நாமே காசு கட்ட வேண்டுமென்றால் அதற்குப் பெயர் சுற்றுலா. சிலர் டூரிஸ்ட் விசாவில் வரச் சொல்வார்கள். பல நாடுகளில் அந்த விசாவில் சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக்கூடாது. மாட்டினால் பின்னால் எந்த விசாவுக்கும் அது தொல்லை.

இனி நான் வாதாட வந்த இடம். தொண்டு செய்ய மடகாஸ்கர் எதற்கு? வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது.

நான் அங்கே முதல் நாள் போனபோது ஜாம்பவானோடைத் துறையிலிருந்து படகில் கூட்டிப்போனார்கள். இறங்கும்போது படகுக்கார அண்ணன், "செருப்பக் கழட்டிடும்மா, அது ஒனக்கு முன்னாடி அடியில போயி நிக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டாவது அடியிலேயே ஒரு செருப்பு போய்விட்டது, முழங்கால் வரை சேறு. அவர் சிரித்துக்கொண்டே ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்து நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. வெண்கண்டல் இலை தான் உறிஞ்சிய உப்பை வெளியே தள்ளுகிறது, வெயிலில் பார்த்தால் அடிப்பக்கம் பொடியாக மின்னும். நாலு வருடம் புத்தகத்தில் படித்த சங்கதி அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது.

மேலே விட்ட கதைக்கு வருகிறேன். அந்தக் காட்டைக் கூறு போட்டு மொட்டையடித்த இடங்களில் மரம் திரும்பி வரவில்லை. நிழல் போனதும் வெயிலில் சேறு காய்ந்து உள்வாங்கித் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய நீர் அந்தக் குழியில் தேங்கி, வடிய வழியில்லாமல் வற்றி வற்றி உப்பேறியது. சித்திரை வெயிலில் அந்தத் தேக்கத்தில் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வைத்துப் பார்த்தால் கடல்நீரைவிட மிக அதிகமாகக் காட்டும். உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் ஓரத்தில் படர்ந்து கிடக்கும். பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் வருடா வருடம் குறைந்துகொண்டே போனது, அதுவும் சேர்ந்துகொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 1990களில் ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி. ஓதநீர் அதன் வழியே ஏறி இறங்கி உப்பைக் கழுவும். கரையில் விதை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். பிச்சாவரத்திலும் இதே முறைதான். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர். 1990இல் ஜப்பானின் ஒகினாவாவில் தொடங்கிய சர்வதேச அலையாத்தி அமைப்புக்கு முதல் தலைவர் அவர்தான். வனவியலில் சர்வதேசம் என்று தேடி ஓடுகிறவர்கள் இதையும் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் வெட்டிய வாய்க்கால்களில் பாதி தூர்ந்திருந்தது. வெட்டுவதற்குத் திட்டத்தில் காசு இருந்தது, தூர்வாருவதற்கு இல்லை. கிராம வனக்குழுக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார், "ஆத்துல வாய்க்கால வருசா வருசம் தூர்வாரலன்னா கடமடைக்குத் தண்ணி வருமா? இதுவும் வாய்க்கால்தான?" அந்தக் கேள்வியைத்தான் நான் தாரண்டுக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் எத்தியோப்பியா, நேபாளம், கானா என்று பல ஊர்க்காரர்கள். நட்ட காடு ஏன் நிற்பதில்லை என்று பேராசிரியர் கேட்டபோது எல்லோரும் கன்று, மண், இனம் என்று பேசினார்கள். நான் தூர்வாரும் செலவைப் பற்றிப் பேசினேன். அதுவே என் ஆய்வேடு ஆயிற்று. தகவல் சேகரிக்க முத்துப்பேட்டைக்கே திரும்பி வந்தேன், விமானச் செலவு என்னுடையதில்லை. நேராக மேட்டுப்பாளையத்திலிருந்து போயிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது, குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இங்கே வேலைக்கும் பஞ்சமில்லை. மத்திய அரசு 2023இல் அலையாத்திக்கென்றே மிஷ்டி திட்டத்தை அறிவித்தது. மாநிலத்தில் கடலோரத்தை மீட்க நெய்தல் மீட்சி இயக்கம் இருக்கிறது. முதலமைச்சரின் பசுமைத் தோழர் என்று மாவட்ட நிர்வாகத்தோடு உட்கார்ந்து வேலை செய்யும் இரண்டு வருடத் திட்டமும் உண்டு, ஆளெடுப்பு அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதில் சேர்ந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: நியமனக் கடிதம், பணிச்சான்று, சம்பளமோ உதவித்தொகையோ வந்த வங்கிக் கணக்கு. சும்மா அன்புக்காகப் போய் உதவிய இரண்டு வருடத்தை டாட் அமைப்பு அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. சனி ஞாயிறு விதை நடும் முகாம்களும் கணக்கில் வராது.

என் வழியிலும் ஓட்டை உண்டு. மறைக்கக் கூடாது. பெண் பிள்ளை இரண்டு வருடம் ஊரிலேயே இருந்தால் ஜாதகம் வீடு தேடி வரும். எனக்கு வந்தது. அப்பா உறுதியாக நின்றதால் தப்பினேன். வீட்டில் அந்த உறுதி இல்லையென்றால், டேராடூனுக்கோ எராஸ்மஸுக்கோ உடனே கிளம்புவதே சரி, அனுபவம் பின்னால் வரட்டும். ஆண் பிள்ளைகளுக்கு வேறு ஆபத்து: திட்ட வேலையில் மாதம் கொஞ்சம் காசு பார்த்ததும் பைக் தவணை வரும், தவணை வந்தால் படிப்பு தள்ளிப்போகும், ஆறு வருடம் ஓடியதே தெரியாது. வயதுக் கணக்கும் இருக்கிறது. ஐ.நா. இளைஞர் பிரிவு வேண்டுமென்றால் 26 தாண்டக் கூடாது. ஆய்வகத்தில், மரபியலில் போக நினைப்பவர்களுக்கு என் சேற்றுக் கதை பொருந்தாது. அவர்கள் கோயம்புத்தூரில் இருக்கும் வன மரபியல் நிறுவனத்தின் பக்கம் போய்ப் பார்க்கட்டும்.

அக்காவிடம் நேராகவே கேட்டேன், "ரெண்டு வருசம் கல்யாணப் பேச்சு எடுக்காம இருப்பியா?" அவள் பதில் சொல்லவில்லை. அத்தான்தான் சொன்னார், "நெலத்த வித்தா கல்யாணமும் இல்ல, படிப்பும் இல்ல. ரெண்டு வருசம்தான, இருக்கட்டும்." கணக்கில் ஆள் கெட்டி.

எராஸ்மஸுக்கு அவள் இந்தக் குளிரிலேயே ஒரு விண்ணப்பம் போடுகிறாள், கிடைத்தால் லாபம். முத்துப்பேட்டையில் ஒரு மீட்புத் திட்டத்தில் களப்பணியாளராக ஐப்பசி முதல் தேதி சேர்ந்துவிட்டாள், நியமனக் கடிதத்தோடு. வெண்கண்டல் விதை உதிரும் காலம். பொறுக்கி, ஊறவைத்து, தோல் கழன்றதும் ஊன்ற வேண்டும். நேற்று ராத்திரி போன் செய்தாள். ஒரு செருப்பு போய்விட்டதாம்.